இருப்புக் கணக்கில் வராத மலை

டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "சார், ஆடாம பிடிங்க... ப்ளீஸ்!" என்றாள் அந்தப் பெண்.

திருவண்ணாமலை. கிரிவலப் பாதையோரம் ஒரு பழைய கல் மண்டபம். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் பாதை காலியாக இருந்தது. காலை ஏழு மணி. ஆர்க்கிடெக்சர் படிக்கும் ஐந்தாறு பிள்ளைகள் மண்டபத்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் படம் வரைய, ஒருத்தர் போட்டோ எடுக்க, மூன்றாவது ஆள் கையில் பேடு வைத்து ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார். டீ குடிக்க ஒதுங்கிய நான், ஆள் குறைகிறது என்று டேப் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

ஃபாரத்தை எட்டிப் பார்த்தேன். பெயர், இடம், காலம், கட்டியவர், கட்டுமானப் பொருள், இப்போதைய நிலை, உரிமையாளர், தரம்... இப்படி வரிசையாகக் கட்டங்கள். 'உரிமையாளர்' என்ற கட்டம் மட்டும் காலி.

"யாருது சார் இது?" என்று என்னிடமே கேட்டார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டோம். "கோயிலுதுதான்" என்றார். பக்கத்தில் நின்றவர், "இல்லப்பா, ரோட்டுக்காரங்களுது" என்றார். பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாருதா இருந்தா என்னா? மழை வந்தா நாங்க நிப்போம். அவ்ளோதான்" என்றார்.

ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

நான் பி.காம். படித்தவன். கட்டடக் கலை எனக்குத் தெரியாது. ஆனால், காலியாக விட்ட கட்டம் கண்ணில் பட்டால் கை அரிக்கும். எங்கள் அக்கவுன்டன்ஸி வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னது ஒன்றுதான்... 'குளோஸிங் ஸ்டாக் எடுக்காம பேலன்ஸ் ஷீட் போடறவன் ஒண்ணு ஏமாத்தறான், இல்ல ஏமாறப்போறான்.' கடையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் லாப நஷ்டம் பேச முடியாது.

நம் பாரம்பரியச் சின்னங்கள் விஷயத்தில் நாம் ஸ்டாக்கே எடுக்காமல் பெருமை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார். அதைச் சொல்லத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

*

முதலில் கணக்கு.

இந்தியா முழுவதும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை சுமார் 3,700 சின்னங்கள். தமிழ்நாட்டில் நானூற்றுச் சொச்சம். மாநிலத் தொல்லியல் துறை வைத்திருப்பது அதைவிடவும் குறைவுதான். இந்து சமய அறநிலையத்துறையின் கீழ் இருக்கும் கோயில்களும் அறநிலையங்களுமோ நாற்பதாயிரத்துக்கு மேல். இவை தவிர சத்திரங்கள், மண்டபங்கள், குளங்கள், மசூதிகள், சர்ச்சுகள், அக்ரஹாரத்துத் திண்ணை வீடுகள், செட்டிநாட்டு மாளிகைகள், வெள்ளைக்காரன் விட்டுப்போன கச்சேரிக் கட்டடங்கள்... இவற்றுக்கெல்லாம் எண்ணிக்கையே கிடையாது.

சென்னையில் ஒரு பட்டியல் வந்த கதையைக் கேளுங்கள். மவுன்ட் ரோட்டில் பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். 'இன்டாக்' அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 'இது பாரம்பரியக் கட்டடம்' என்று வாதாடினால், 'எந்த லிஸ்ட்டில் இருக்கிறது?' என்ற கேள்வி வரும் அல்லவா? அந்தச் சமயத்தில் கைகொடுத்தது எது தெரியுமா? விளம்பரப் பலகை வழக்கு! நகரம் முழுக்க ராட்சத போர்டுகள் வைப்பதை எதிர்த்து நடந்த வழக்கில் நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். எந்தெந்தக் கட்டடங்களை போர்டு வைத்து மறைக்கக் கூடாது என்று பார்ப்பதற்காக அந்தக் கமிட்டி ஒரு லிஸ்ட் தயாரித்தது. 467 கட்டடங்கள். 2010-ல் பாரத் இன்ஷ்யூரன்ஸ் தீர்ப்பு வந்தபோது கோர்ட் பிடித்துக்கொண்டது அந்த லிஸ்ட்டைத்தான்.

அதாவது, முந்நூறு வருஷத்துக்கு மேல் வயசான ஒரு நகரத்தின் சொத்துப் பட்டியல், போர்டு வைக்கிற தகராறில் உபரியாகக் கிடைத்தது.

சென்னை கதியே இது என்றால் மற்ற ஊர்களை நினைத்துப் பாருங்கள். பாரம்பரியத்தைக் கண்டறிந்து காப்பதற்கென்று ஓர் ஆணையம் அமைக்கத் தமிழக சட்டமன்றம் 2012-ல் சட்டம் நிறைவேற்றியது. நடுவில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் சின்னங்களையும் காப்பாற்ற 75 உத்தரவுகள் போட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, ஏழாவது வகுப்புக்குப் போயிருக்கும்.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை திண்ணை இடிந்தது, எத்தனை கல்வெட்டு சுண்ணாம்புக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன்? லிஸ்ட் இல்லை. தொலைந்தது எது என்று தெரிய, இருந்தது எது என்று முதலில் தெரிய வேண்டும்.

*

சரி, லிஸ்ட்டில் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் திருவண்ணாமலை நம்மை இழுத்து உட்கார வைத்துப் பாடம் சொல்கிறது.

2002-ல் மத்திய தொல்லியல் துறை அருணாசலேஸ்வரர் கோயிலை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்தது. வெளியூர்க்காரர்கள், 'நல்லதுதானே' என்றார்கள். உள்ளூர் கொதித்துப் போனது. 'எங்க சாமி மியூசியத்துல வெக்கிற பொம்மையா?' என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் தொல்லியல் துறை கையை எடுத்துக்கொண்டது. கோயில் அறநிலையத்துறையிடமே நின்றது.

அந்தக் கோபத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அதில் நியாயம் இருந்தது. தேசியச் சின்னம் என்று அறிவித்துவிட்டால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. 1992-லிருந்தே இருந்த விதி அது. 2010-ல் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். நடுக்காட்டில் நிற்கும் கோட்டைக்கு அந்த விதி சரி. நாலு மாட வீதியும் வீடும் கடையுமாக நெருங்கி நிற்கும் ஊரில், கோயில் மதிலிலிருந்து 300 மீட்டர் என்றால் பாதி பழைய ஊர் உள்ளே வந்துவிடும். ஓட்டை மாற்றவும், மாடியில் ஒரு ரூம் எடுக்கவும் மேலிடத்தில் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று சொன்னால் எந்த ஊர் சும்மா இருக்கும்?

ஆனால், மறுபக்கமும் இருக்கிறது. தஞ்சாவூர் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதுதான். 1987-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. அங்கே பூஜை நிற்கவில்லை. 2020 பிப்ரவரியில் குடமுழுக்கே ஜாம் ஜாம் என்று நடந்தது. எனவே, 'சின்னம் என்று அறிவித்தால் சாமி வெளியேறிவிடும்' என்ற பயம் முழு உண்மை இல்லை.

என் விமர்சனம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான். தொல்லியல் துறை ஊரைக் கேட்காமல் ஊரின் உயிரைக் கணக்கில் ஏற்றப் பார்த்தது. சரி, தவறு. ஊர் போராடி ஜெயித்தது. ஜெயித்த பிறகு ஊர் என்ன செய்தது? 'இது எங்களுடையது, நாங்களே பார்த்துக்கொள்வோம்' என்று சொன்னவர்கள், என்னென்ன எங்களுடையது என்று ஒரு நோட்டுப் புத்தகமாவது போட்டோமா? வெளி ஆடிட்டரைத் துரத்திவிட்டு, உள்ளே கணக்கும் எழுதாமல் இருந்தால் அந்தக் கம்பெனிக்கு என்ன பெயர்?

யாருமே எழுதவில்லை என்றும் சொல்ல முடியாது. எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள்! 1980-களின் கடைசியில் தொடங்கி ஐந்து பகுதிகளாக ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியானது. கல்வெட்டுகளைத் தொகுத்தவர் நம்ம பி.ஆர்.சீனிவாசன். கட்டடங்களையும் தொல்லியலையும் பார்த்தவர் பிரான்சுவாஸ் லெர்னோ. கோயிலோடு பின்னிய சமூக வாழ்க்கையை எழுதியவர் மரி-லூயிஸ் ரெனிஷ். ஊரைப் பற்றியே தனியாக ஒரு பகுதி உண்டு. கோயில், ஊர், சடங்கு, ஜனங்கள் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்த வேலை அது. அந்தப் புத்தகங்களில் பெரும்பகுதி பிரெஞ்சில் இருக்கிறது. திருவண்ணாமலையில் கட்டட அனுமதி கேட்டுப் போகிற ஒருவருக்கும், அனுமதி கொடுக்கிற ஒருவருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆராய்ச்சி அலமாரியில். புல்டோசர் தெருவில்.

*

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எதைக் காப்பாற்ற வேண்டும்?

கோபுரம் என்பீர்கள். பதினோரு நிலை, 217 அடி, கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது. வல்லாள மகாராஜா கோபுரம். ஆயிரங்கால் மண்டபம். சரி, எல்லாம் காப்பாற்ற வேண்டியவைதான். அவற்றுக்குக் கல்லும் சிற்பமும் சாட்சி. படிவத்தில் சுலபமாக நிரப்பலாம்.

ஆனால், இந்த ஊருக்கு வருகிற ஜனம் கும்பிடுவது எதை? கோபுரத்தையா? கோயிலுக்குள் போகாமலேயே மலையைச் சுற்றிவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இங்கே மலைதான் லிங்கம். கோயில் அதற்கு வாசல் மாதிரி. கார்த்திகை தீபம் கோபுரத்தின் மேல் ஏற்றுவதில்லை, 2,668 அடி மலை உச்சியில்தான் ஏற்றுகிறார்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம். நடுவில் அடி அண்ணாமலை. வழியெல்லாம் குளங்கள், மண்டபங்கள், மடங்கள். 1896-ல் பதினாறு வயசுப் பையனாக வந்திறங்கிய ரமணர், பிறகு பல வருஷம் இருந்தது விரூபாட்ச குகையில். அது ஒரு கட்டடமா? பாறைக்குக் கீழே ஒரு பொந்து. ஆர்க்கிடெக்சர் ஃபாரத்தில் 'கட்டியவர்' என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள்?

இதற்கு உலகத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். 'பண்பாட்டு நிலவெளி'. கட்டடம் மட்டும் தனியாக இல்லை. மலை, காடு, நீர், பாதை, அவற்றோடு மனுஷன் வைத்திருக்கும் உறவு எல்லாம் சேர்ந்தே பாரம்பரியம் என்று 1992-ல் யுனெஸ்கோ ஒப்புக்கொண்டது. அந்த வகையில் முதன்முதலில் 1993-ல் பட்டியலில் ஏறியது எது தெரியுமா? ஒரு மலைக்கூட்டம்! நியூசிலாந்தின் தொங்கரிரோ. மாவோரி மக்களுக்குப் புனிதமான எரிமலைகள். இயற்கை அழகுக்காக ஏற்கெனவே லிஸ்ட்டில் இருந்ததை, 'இது இந்த ஜனங்களின் முன்னோர் மலை' என்ற காரணத்துக்காக மறுபடியும் ஏற்றினார்கள்.

அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவின் உலூரு பாறை. அங்கே பழங்குடி மக்கள், 'தயவுசெய்து எங்கள் பாறை மேல் ஏறாதீர்கள்' என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டூரிஸ்ட்டுகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபரில் ஏறுவதை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊரில் மலையைச் சாமி என்று சொல்லிக் கொடுக்க வெளிநாட்டு வாத்தியார் வேண்டியதில்லை. அருணகிரிநாதர் காலத்துக்கும் முன்பிருந்தே நமக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை ரெஜிஸ்டரில் எழுத மட்டும் நமக்கு வரவில்லை.

*

எழுதாததால் என்ன ஆகிறது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1999-ல் பி.காம். கடைசி வருஷத்தில், பரீட்சையில் அரியர் வைக்கக் கூடாது என்ற வேண்டுதலோடு நான் முதன்முறை கிரிவலம் போனேன். (ஒரு அரியர் விழுந்தது. அதற்கு அண்ணாமலையார் பொறுப்பில்லை.) பாதையின் பல இடங்களில் இரண்டு பக்கமும் மரங்கள். சில இடங்களில் மலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. செருப்பில்லாத காலுக்குச் சில இடத்தில் மண், சில இடத்தில் தார். இன்றைக்குப் போனால் பல இடங்களில் மலையைப் பார்க்க இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் சந்து தேட வேண்டியிருக்கிறது.

2015-16-ல் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று மரங்களை வெட்ட ஆரம்பித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கே வந்து தடை போட்டது. அகலப்படுத்த நினைத்தவர்களை நான் வில்லன் ஆக்க மாட்டேன். லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. நெரிசலில் ஒரு அசம்பாவிதம் நடந்தால் முதலில் திட்டப்போவது நாம்தான். ஆனால், நிழலுக்காக வைத்த மரத்தை வெட்டி, வெயிலில் நடக்க அகலமான ரோடு போடுவது யார் வசதிக்கு? அந்த மரங்களும் பாதையின் ஒரு பகுதி என்று எங்கேயாவது எழுதியிருந்தால், இன்ஜினீயர் பிளான் போடும்போதே பென்சில் நின்றிருக்கும். எழுதவில்லை. அதனால் மரம் விழ ஆரம்பித்த பிறகு கோர்ட் ஓடி வர வேண்டியிருந்தது.

2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரிலேயே ஒரு வணிக வளாகம் கட்ட வேலை ஆரம்பித்தது. மறுபடியும் வழக்கு. மறுபடியும் உயர் நீதிமன்றத் தடை. தேங்காய், பூ விற்கிறவர்களுக்கு நல்ல கடை வேண்டும்தான். அவர்கள் வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டும் என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால், கோபுரத்தைத் தூரத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும் அந்த வெட்டவெளியும் கோபுரத்தின் சொத்து. கட்டியவன் அந்த உயரத்தை அந்தத் தூரத்தை நினைத்துத்தான் கட்டினான். 'பார்வை' என்பதற்கு ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்தால் கடைகளை வேறு எங்கே வைப்பது என்று முன்கூட்டியே பேசியிருக்கலாம்.

கவனித்தீர்களா? மரம் என்றால் தீர்ப்பாயம். கடை என்றால் உயர் நீதிமன்றம். கோயில் என்றால் உச்ச நீதிமன்றம். ஓர் ஊர் தன் வீட்டு நடுக்கூடத்தில் எதை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு தடவையும் கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோர்ட் தடை போட முடியும். ஸ்டாக் எடுக்க முடியாது.

*

இதுவரை சொன்னதெல்லாம் மரம், கல், காட்சி. 'சாப்பாட்டுக்கே வழி இல்லை, இதெல்லாம் பெரிய மனுஷங்க கவலை' என்று சிலர் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள். திருவண்ணாமலையில் கொட்டித் தீர்த்த மழை. மாலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வந்து வ.உ.சி. நகரில் வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மலைச்சரிவில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்லக் கிளம்பிய கூட்டம் அன்றைக்கே கிளம்பிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் சாமியை ஏமாற்றப் போகவில்லை. ஊருக்குள் நிலம் வாங்க வக்கில்லாதவன் எங்கே போவான்? மலையடிவாரத்துக்குத்தான். சரிவில் தெருவுக்குப் பெயர் வைத்து, கரன்ட்டும் தண்ணியும் கொடுப்பவர்கள் யாரும், 'இது தண்ணி இறங்குற இடம், இங்கே வேண்டாம், அங்கே இடம் தருகிறோம்' என்று சொல்ல ஒரு வரைபடம் கையில் வைத்திருக்க வேண்டாமா?

மலையை நிலவெளியாகப் பார்த்துக் கணக்கெடுத்தால் அந்தக் கணக்கில் முதலில் வருவது சிற்பம் அல்ல, தண்ணீர். எந்தப் பாறை எங்கே நிற்கிறது, மழைநீர் எந்த ஓடை வழியாக இறங்கும், எந்தக் குளத்தில் விழும், நிரம்பினால் அடுத்து எங்கே போகும்... மலையைச் சுற்றி 360 தீர்த்தம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எண்ணிக்கையை விடுங்கள். புண்ணியத்துக்கு மட்டுமா வெட்டினார்கள்? மலையிலிருந்து இறங்கும் தண்ணியைப் பிடித்து வைக்கவும்தானே! குளத்தைத் தூர்த்து, வரத்துக் கால்வாய் மேல் சிமென்ட் போட்டு, 'பாரம்பரியம் போச்சே' என்று அழுவது ஒன்று. போனது பாரம்பரியம் மட்டும் இல்லை, வடிகாலும்தான்.

அந்த வருஷம் டிசம்பர் 13-ல் தீபம். மண் ஈரமாக இருக்கிறது, ஆபத்து என்று பக்தர்களை மலை ஏற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். ஊர் கீழே நின்று கும்பிட்டது. ஆஸ்திரேலியாவில் பாறைக்கு மரியாதை கொடுத்து இறங்கி வந்தார்கள். நாம் ஏழு உயிரைக் கொடுத்த பிறகு கீழே நின்றோம்.

*

நம்பிக்கை தரும் விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1980-களின் கடைசியில் இந்த மலை பெரும்பகுதி மொட்டையாக இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் தீ பிடித்துக் காய்ந்த புல் எரியும். உள்ளூர்க்காரர்களும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களுமாகச் சேர்ந்து மரம் நட ஆரம்பித்தார்கள். நாற்றங்கால் போட்டார்கள். தீ பரவாமல் இருக்க மலையில் கோடு கோடாகப் புல் அறுத்தார்கள். தீ என்று தெரிந்தால் ராத்திரியிலும் மேலே ஓடினார்கள். இன்றைக்கு மலையில் கண்ணுக்குத் தெரிகிற பச்சையில் அவர்கள் வியர்வை இருக்கிறது. அவர்கள் யாரும் மலையை 'சின்னம்' என்று அறிவிக்கவில்லை. எந்த மரம் எங்கே பிழைக்கும், தீ எந்தப் பக்கம் ஏறும் என்று மலையைப் படித்தார்கள். படித்ததை வைத்து வேலை செய்தார்கள்.

கட்டடங்களுக்கும் இந்தப் புத்தி பொருந்தும். 'இன்டாக்' 2004-ல் ஒரு சாசனம் கொண்டுவந்தது. சட்டப் பாதுகாப்பு இல்லாத சின்னங்களுக்கான வழிகாட்டி. அதில் எனக்குப் பிடித்த கருத்து இதுதான்... கல்லை மட்டும் காப்பாற்றினால் போதாது, அந்தக் கல்லை வேலை செய்யத் தெரிந்த கைகளையும் காப்பாற்ற வேண்டும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர் இல்லாத ஊரில் பழைய மண்டபத்தை சிமென்ட்டால்தான் பூசுவார்கள். கல் மண்டபத்துக்கு சிமென்ட் பூச்சு, கதர் வேட்டிக்கு ரெக்ஸின் ஒட்டுப் போட்ட மாதிரி. ஒட்டாது. ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கெடுக்கும்.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. வார்டு வாரியாக ஒரு ரெஜிஸ்டர் போடட்டும். தமிழில் போடட்டும். கட்டடம் மட்டுமல்ல, குளம், கால்வாய், ஓடை, பழைய மரம், பாறை, வெட்டவெளி எல்லாம் ஏறட்டும். பெயர், சர்வே நம்பர், யார் பொறுப்பு, தண்ணி எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எந்தத் திருவிழாவுக்கு வேண்டும், இப்போது அங்கே யார் பிழைக்கிறார்கள்... இவ்வளவு போதும். அதை வார்டில் ஒட்டி, ஆட்சேபணை கேட்கட்டும். 2002-ல் செய்யாமல் விட்டது அதைத்தான். டெல்லியிலிருந்து லிஸ்ட் வந்தால் ஊர் எதிர்க்கும். ஊரே எழுதிய லிஸ்ட்டை ஊரே கிழிக்காது.

லிஸ்ட் போட்டதால் யாரையும் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி பண்ணக் கூடாது. அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் ஒருத்தரும் உண்மை சொல்ல மாட்டார்கள். பயந்தவன் கொடுக்கிற ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எப்படி இருக்கும் என்று எந்த ஆடிட்டரையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய மேஜை, பழைய மெஷின் எல்லாம் தேய்மானம் கழித்துக் கழித்து ஒன்றுமே இல்லை என்று ஆனாலும், ரெஜிஸ்டரில் ஒரு ரூபாய் என்று வைத்திருப்பார்கள். மதிப்புக்காக இல்லை. 'பொருள் இருக்கிறது, மறந்துவிடாதே' என்று ஞாபகப்படுத்த. இந்த மலைக்கும் குளத்துக்கும் அந்த ஒரு ரூபாய் மரியாதையைத்தான் கேட்கிறேன்.

*

டேப் பிடித்த கதையை முடித்துவிடுகிறேன். அளவெல்லாம் எடுத்தாகிவிட்டது. தரம் என்ற கட்டத்தில் 'மூன்று' என்று போட்டார்கள். சிற்பம் இல்லை, கல்வெட்டு இல்லை. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் மிச்சமிருந்தது. "இதுல என்ன சார் எழுதறது?" என்றாள் அந்தப் பெண். எனக்கும் தெரியவில்லை. பூக்கட்டும் பாட்டிதான் இந்தத் தடவை நிமிர்ந்தார்.

"மலைத்தண்ணி இந்தப் பக்கமாத்தான் வரும்மா. மண்டபத்துக்குப் பின்னாடி ஓடி அந்தக் குட்டையில விழும். இப்ப ரோடு மேல ஏறிட்டதால மண்டபத்துக்குள்ள நிக்குது. போன மழைக்கு முட்டி வரைக்கும். அத எழுது."

அவள் எழுதிக்கொண்டாள். கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்து மார்ஜினில் ஏறியது. அந்த ஃபாரத்திலேயே உருப்படியான வரி அதுதான்.